முதலில் வீச மாட்டோம்: இந்த வாக்கைக் கைவிட விடாதீர்கள்!



எல்லையில் பதற்றம் வந்தாலே நம்ம போன்கள் சூடாகிவிடுகின்றன. "ஒரு அணுகுண்டைப் போட்டா கதை முடிஞ்சுது" என்று ஒரு மீம், அதுக்குக் கீழே நூறு கைதட்டல். 2025 மே மாதம் நான்கு நாள் சண்டை நடந்தபோது இதை எல்லாருமே பார்த்தோம். நம்ம பகுதிக் குழுக்களும் விதிவிலக்கு இல்லை. பகிர்ந்தவர்கள் கெட்டவர்கள் கிடையாது. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதால் வந்த கோபம் அது. அந்தக் கோபம் நமக்கும் இருந்தது, இருக்கிறது.

ஆனால் அணுகுண்டைப் பற்றி நம் நாடு உலகத்துக்குக் கொடுத்திருக்கிற வாக்கு என்ன என்று தெரிந்துகொண்டு பேசணும், இல்லையா? இந்தியாவின் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது. அணு ஆயுதத்தை நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம். பிறர் பயன்படுத்தினால்தான் திருப்பித் தாக்குவோம். எழுபது ஆண்டுகளாக இந்தியா பேசிவந்த ஆயுதக் குறைப்பு அரசியலில் இன்றைக்கு உருப்படியாக மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். அதையும் கழற்றிவிடலாமா என்று டெல்லியில் அவ்வப்போது நூல் விட்டுப் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1954: குரல் கொடுத்தது இந்தியா

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. 15 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அமெரிக்கா அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே, ஒரு ஜப்பானியப் படகு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் வெள்ளைச் சாம்பல் மழை மாதிரி விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சில் பாதிக்கப்பட்டார்கள். வயர்லெஸ் பார்த்துக்கொண்ட குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். சண்டையே இல்லாத நாளில், யாருக்கும் எதிரி இல்லாத ஒரு மீனவர்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார். முழு ஒழிப்பு எப்போது வருமோ வரட்டும், அதுவரை சோதனைகளையாவது நிறுத்திவையுங்கள் என்று வல்லரசுகளைக் கேட்டார். சுதந்திரம் வாங்கி ஏழு வருடம்கூட ஆகாத ஏழை நாடு கேட்டது. 1955 ஜனவரியில் நம்ம ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு மூன்று மாதம் கழித்து இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. அணு ஆயுதங்களைத் தடை செய்யச் சொல்லி அங்கே கூட்டாக அறிக்கை வந்தது. பள்ளிக்கூடம், அணைக்கட்டு, தொழிற்சாலை என்று காசு தேடிக்கொண்டிருந்த நாடுகளுக்கு, குண்டுக்குக் கொட்டுகிற காசு யார் வயிற்றிலிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

83 வயதில் ராஜாஜி

அடுத்து சொல்லப்போவது சில தோழர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ராஜாஜி நமக்கு அரசியல் எதிரி. குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தவர். சுதந்திராக் கட்சி தொடங்கியவர். அதிலெல்லாம் நமக்கும் அவருக்கும் சமரசமே கிடையாது.

ஆனால் 1962 செப்டம்பர் 28 அன்று அவர் எங்கே இருந்தார் தெரியுமா? வாஷிங்டனில், வெள்ளை மாளிகையில், அதிபர் கென்னடிக்கு எதிரில். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு போயிருந்தார். வயது 83. கேட்டது ஒன்றே ஒன்று: அணு சோதனையை நிறுத்துங்கள். அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுக்க 170க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியும் கென்னடி உட்கார்ந்து கேட்டார்.

அந்தச் சந்திப்பு முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து, உலகமே அணுப் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்ட் 5 அன்று, வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை நடத்தக் கூடாது என்ற ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. மூன்றே நாளில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. ராஜாஜி போனதால்தான் ஒப்பந்தம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. குண்டு வேண்டாம் என்பது கோழைகளின் பேச்சு, இடதுசாரிகளின் பேச்சு, வெளிநாட்டுக் கூலிகளின் பேச்சு என்று சொல்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள்: ராஜாஜி இதில் யார்?

அநியாயமான ஒப்பந்தம், நியாயமான கேள்வி

1968இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் வந்தது. 1967 ஜனவரி 1க்கு முன்னால் வெடித்துப் பார்த்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தொடக் கூடாது. பதிலுக்கு, வைத்திருப்பவர்கள் ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவார்கள் என்று ஆறாவது பிரிவில் எழுதினார்கள். மேல்சாதிக்கு ஒரு கிணறு, கீழ்சாதிக்கு ஒரு கிணறு என்பது போன்ற ஏற்பாடு. இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அது சரிதான்.

ஆனால் அநியாயத்துக்குப் பதில் என்ன? நாமும் அந்த மேல்சாதிக் கிணற்றில் ஒரு பங்கு கேட்பதா, கிணற்றுக்குப் போட்ட வேலியை உடைப்பதா? இந்தியா ரெண்டையும் மாறி மாறிச் செய்தது. 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்துவிட்டு, அமைதி வழி வெடிப்பு என்று பெயர் வைத்தார்கள். 1988 ஜூன் 9இல் ராஜீவ் காந்தி ஐ.நா. பொதுச் சபையில் ஒரு திட்டத்தை வைத்தார். 22 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, 2010க்குள் உலகத்தில் ஓர் அணு ஆயுதம்கூட இல்லாமல் செய்யலாம் என்று கால அட்டவணையே கொடுத்தார். வல்லரசுகள் கண்டுகொள்ளவில்லை. மூன்றே ஆண்டில், நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். 2010ஆம் வந்து போச்சு.

1998: வெடித்ததும் வந்ததும்

1998 மே 11, 13. மீண்டும் பொக்ரான். ராமேஸ்வரத்துக் கலாம், சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் என்று முன்னணியில் நின்றவர்கள் நம்ம ஊர் விஞ்ஞானிகள். அவர்களின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தெருவில் இனிப்பு கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். அந்த நேரத்திலும் இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்துப் பேசின. தேசத்துரோகி என்ற பட்டம் அப்போதே கிடைத்தது.

பட்டாசுச் சத்தம் அடங்கியபின் நடந்ததைக் கணக்குப் பாருங்கள். பதினேழாவது நாள், மே 28 அன்று, பாகிஸ்தான் சாகையில் வெடித்தது. அதுவரை ஆள் பலம், டாங்கி, விமானம் என்று எதை எண்ணினாலும் நம் கை மேலே இருந்தது. ரெண்டு பேரிடமும் வெளிப்படையாகக் குண்டு வந்தபின் அந்த மேல்கை பாதி செல்லாக் காசாகிவிட்டது. குண்டு இருந்தால் யாரும் வாலாட்ட மாட்டான் என்றார்கள். ஒரே வருடத்தில் கார்கில். 527 வீரர்களை இழந்தோம். பிறகு 2008 மும்பை, 2019 புல்வாமா, 2025 பஹல்காம். குண்டு எதைத் தடுத்தது?

அந்த ஒரு வரி என்ன செய்கிறது?

1998க்குப் பிறகு உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இந்தியா இரண்டு வாக்குக் கொடுத்தது. ஒன்று, இனிமேல் சோதனை நடத்த மாட்டோம். இரண்டு, முதலில் பயன்படுத்த மாட்டோம். 1999 ஆகஸ்டில் வரைவாக வந்து, 2003 ஜனவரி 4இல் அதிகாரபூர்வக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. வாஜ்பாய் அரசுதான் அறிவித்தது. இதே மாதிரி நிபந்தனை இல்லாமல் அறிவித்த இன்னொரு அணு ஆயுத நாடு சீனா. பாகிஸ்தான் இன்று வரை சொல்லவில்லை.

"வாய் வார்த்தைதானே, சண்டை வந்தா யாரு பார்ப்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், ஆயுதத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் அடிக்கப் போகிறவன் குண்டை ஏவுகணையில் பொருத்தி, எப்போதும் தயார் நிலையில் வைக்க வேண்டும். எதிரியின் ஆயுதம் எழும்புவதற்குள் அதை அழிக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். அதனால் "இழப்பதற்குள் வீசிவிடு" என்று அவன் விரலும் பொத்தானுக்குப் போகும். முதலில் அடிக்க மாட்டோம் என்கிற நாட்டுக்கு அந்த அவசரம் இல்லை. தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம். யோசிக்க நேரம் கிடைக்கும். எதிரிக்கும் கிடைக்கும். அந்த நேரம்தான் பாதுகாப்பு.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ரெண்டு உதாரணம்.

1983 செப்டம்பர் 26. சோவியத் ராணுவத்தின் எச்சரிக்கைக் கருவி, அமெரிக்கா ஏவுகணை வீசிவிட்டது என்று காட்டியது. பணியில் இருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி, இது கருவியின் பிழையாகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்தார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது.

2022 மார்ச் 9. நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, எல்லை தாண்டி, பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கத்தில் விழுந்தது. வெடிபொருள் இல்லாததால் உயிர்ச் சேதம் இல்லை. மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர்கள், "இந்தியா முதலில் அடிக்கும் நாடு" என்று நம்பியிருந்தால்? மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் ஏவுகணை பறக்க அரை மணி நேரம் ஆகும். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் சில நிமிடம்தான்.

இப்படிப்பட்ட வரியைத்தான் மெல்ல மெல்ல அரிக்கிறார்கள். 2003 அறிவிப்பிலேயே, ரசாயன, உயிரியல் ஆயுதத் தாக்குதல் வந்தால் அணு ஆயுதத்தால் பதில் சொல்லும் உரிமை உண்டு என்று ஓர் ஓட்டை போட்டார்கள். 2014 பா.ஜ.க. தேர்தல் அறிக்கை அணு ஆயுதக் கொள்கையை மறுபரிசீலனை செய்வோம் என்றது. 2016இல் பாதுகாப்பு அமைச்சர் பாரிக்கர், நாம் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் பேசிவிட்டு, அது தன் சொந்தக் கருத்து என்றார். 2019 ஆகஸ்ட் 16இல் ராஜ்நாத் சிங் பொக்ரானுக்கே போய், எதிர்காலத்தில் என்ன செய்வோம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம் இல்லை. 140 கோடிப் பேரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மேடைப் பேச்சிலும் ட்வீட்டிலும் மாறிக்கொண்டு போகிறது.

"அப்போ பாகிஸ்தான் சும்மா இருக்குமா?"

இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். நாம் வாக்கைக் கைவிட்டால் மட்டும் சும்மா இருக்குமா? இன்னும் பயந்து, இன்னும் அதிகமாகச் செய்யும். சுவீடனின் சிப்ரி நிறுவனத்தின் 2025 கணக்குப்படி இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170. இதில் யார் ஜெயித்தது?

ரெண்டு நாடும் பேசிச் செய்த காரியமும் ஒன்று உண்டு. 1988 டிசம்பர் 31இல், ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1992இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் அந்த நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது, பட்டியல் நிற்கவில்லை. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். நாம் நிம்மதியாகத் தூங்குவதில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு. டிவி விவாதத்தில் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நம்ம பகுதிக்கு இதில் என்ன?

காலையில் நம்ம ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, அப்புறம் ஆவடி. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான். எஞ்சின் தொழிற்சாலை, படையினருக்கான உடைத் தொழிற்சாலை எல்லாம் அங்கேதான். எத்தனை குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வாழ்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நாட்டைக் காப்பது என்றால் என்னவென்று நம்ம பகுதிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தத் தொழிலாளிகளின் நிறுவனத்தை 2021இல் ஏழு கம்பெனியாகக் கூறு போட்டு, எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று சட்டமும் போட்டவர்கள்தான் இன்று நமக்குத் தேசபக்தி சொல்லிக்கொடுக்கிறார்கள்.

டாங்கியும் அணுகுண்டும் ஒன்றல்ல. டாங்கியைத் திருப்பிக் கூப்பிடலாம், சண்டையை நிறுத்தலாம். 2025 மே 10இல் நிறுத்தினோம். அணுகுண்டைத் திருப்பிக் கூப்பிட முடியாது. ஹிரோஷிமாவில் விழுந்தது 15 கிலோடன், இன்றைய கணக்கில் சின்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். நகரத்து மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயப்பட்டோ போனதால், பிழைத்தவர்களுக்கு மருந்து போட ஆள் இல்லை. ஆஸ்பத்திரி, தண்ணி, கரண்ட் எல்லாம் ஒரே நொடியில் போனால், நம்ம ஏரியாவுக்கு 108 எங்கிருந்து வரும்? காற்று எந்தப் பக்கம் அடித்தால் சாம்பல் எந்த ஏரியில் விழும்? அந்த ஜப்பானிய மீனவர்கள் எத்தனை தூரத்தில் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் பின்னால் போகிறது

1980களின் நடுவில் உலகத்தில் சுமார் 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்று சுமார் 12,000. போராட்டமும் ஒப்பந்தமும் சேர்ந்து குறைத்தது அது. இப்போது அந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. 1987இல் ரீகனும் கோர்பச்சேவும் போட்ட நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் 2019இல் முடிந்தது. சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குத் தந்த ஒப்புதலை ரஷ்யா 2023இல் திரும்பப் பெற்றது. அமெரிக்க குண்டு ஏகாதிபத்தியக் குண்டு, மற்றது நல்ல குண்டு என்று பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டாம் தோழர்களே. கதிர்வீச்சுக்குக் கொடி கிடையாது.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. 2017 ஜூலை 7இல் 122 நாடுகள் ஐ.நா.வில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு வாக்களித்தன. 2021 ஜனவரி 22இல் அது நடைமுறைக்கு வந்தது. பக்கத்து இலங்கை 2023இல் சேர்ந்தது. அந்தச் சின்ன நாட்டின் வீரமந்திரி, சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக 1996இலேயே, எந்தச் சூழ்நிலையிலும் அணு ஆயுதம் சட்டவிரோதம் என்று தனித் தீர்ப்பு எழுதியவர். 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களின் நிஹோன் ஹிடான்கியோ அமைப்புக்குப் போனது. இந்தியா அந்த ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. 1954இல் முதலில் பேசிய நாடு!

மனக்கோயில்

"இதெல்லாம் கனவு" என்று சிலர் சிரிப்பார்கள். திருநின்றவூர்க்காரர்களிடம் அதைச் சொல்லக் கூடாது. காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டினார். அதே நேரத்தில் மன்னன் காஞ்சியில் கல்லிலேயே கட்டினான். குடமுழுக்கு நாளில் இறைவன் முதலில் வந்தது எந்தக் கோயிலுக்கு என்பது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் யாராக இருந்தாலும் அந்தக் கதையின் பொருள் புரியும். அடிமை முறை ஒழியும் என்பதும், எட்டு மணி நேர வேலை என்பதும் ஒரு காலத்தில் மனக்கோயில்தான்.

நாம் கேட்பது:

1. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையை நாடாளுமன்றத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அமைச்சர்கள் மேடையில் மாற்றக் கூடாது.

2. 1998க்குப் பிறகு கடைப்பிடிக்கும் சோதனை நிறுத்தம் தொடர வேண்டும்.

3. ஏவுகணை விபத்து, தவறான எச்சரிக்கை பற்றி இரு நாட்டு ராணுவமும் உடனுக்குடன் பேசும் ஏற்பாட்டை வலுப்படுத்த வேண்டும்.

4. அணு ஆயுதத் தடை ஒப்பந்த நாடுகளின் கூட்டங்களுக்கு இந்தியா பார்வையாளராகவாவது போக வேண்டும். 1988 திட்டத்தைப் புதிய கால அட்டவணையோடு மறுபடி முன்வைக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த முறை அந்த மீம் வரும். ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பிய மாமாவையோ தம்பியையோ குழுவில் வைத்து அவமானப்படுத்தவும் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அண்ணே, நாம முதல்ல போட மாட்டோம்னு நம்ம நாடே சொல்லியிருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பியுங்கள். ராஜாஜி கதையைச் சொல்லுங்கள். பதினேழு நாள் கணக்கைச் சொல்லுங்கள். கோபம் நியாயமானது என்று ஒத்துக்கொண்டு பேசுங்கள், கேட்பார்கள்.

போர் வேண்டும் என்று கத்துவதற்கு ஒரு விரல் போதும். அதைத் தடுக்கப் பேசுவதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் நாம்தான்.

படியுங்கள், பேசுங்கள், பகிருங்கள்.

– சமூக ஊடகக் குழு, திருநின்றவூர்

#முதலில்_வீசமாட்டோம் #அணுஆயுதம்_வேண்டாம் #திருநின்றவூர்